வேகன் நம்பர் எழுதிய பெண்

‘தி ட்ரெயின்’ என்றொரு படம். 1964-ல் வெளிவந்தது. கறுப்பு வெள்ளை. பர்ட் லங்காஸ்டர் ஹீரோ, ஜான் ஃபிராங்கன்ஹைமர் டைரக்டர். பார்த்ததில்லையா? பரவாயில்லை, கதையை நானே சொல்லிவிடுகிறேன்.

1944 ஆகஸ்ட். நேச நாட்டுப் படைகள் பாரிஸை நெருங்கிவிட்டன. நாஜிகள் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அதில் ஒரு கர்னலுக்கு ஓவியப் பைத்தியம். பாரிஸில் சுருட்டிய ஓவியங்களையெல்லாம் பெட்டி பெட்டியாக ரயிலில் ஏற்றி ஜெர்மனிக்கு அனுப்பத் துடிக்கிறான். அதைத் தடுக்கவேண்டியவர் லபீஷ் என்கிற ரயில்வே அதிகாரி. அவருக்கும் ஓவியத்துக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. நாலு படத்துக்காக என் ஆட்கள் எதற்குச் சாகவேண்டும் என்று முரண்டு பிடிக்கிறார். அப்புறம் இறங்குகிறார் பாருங்கள், அதகளம்!

ஸ்டேஷன்களின் பெயர்ப் பலகையை மாற்றி மாட்டிவிடுகிறார்கள். ஜெர்மனிக்குள் வந்தாச்சு என்று காவலர்கள் நிம்மதியாகக் காலை நீட்ட, ரயில் பிரான்ஸுக்குள்ளேயே வட்டமடிக்கிறது. என்ஜின் மோதுகிறது, பெட்டி கவிழ்கிறது. கிராஃபிக்ஸ் இல்லாத காலம். நிஜ ரயிலையே மோதவிட்டுப் படம் பிடித்தார்கள்.

கடைசிக் காட்சியை மறக்கவே முடியாது. தண்டவாளத்தின் ஒரு பக்கம் ஓவியப் பெட்டிகள் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஓவியரின் பெயர். இன்னொரு பக்கம், சுட்டுக் கொல்லப்பட்ட பிணைக் கைதிகளின் உடல்கள். கேமரா இதையும் அதையும் மாறி மாறிப் பார்க்கிறது. ஹீரோ எதையும் தொடாமல் நொண்டிக்கொண்டே நடந்து போய்விடுகிறார்.

சில ஓவியங்களுக்காக இத்தனை உயிரா? படம் பதில் சொல்லவில்லை. நிஜத்தில் என்ன நடந்தது என்று பார்த்தால், கேள்வியே கொஞ்சம் மாறிப்போகிறது.

நிஜக் கதையில் பர்ட் லங்காஸ்டர் மாதிரி ஆஜானுபாகுவான ஆசாமி யாரும் இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு, பழைய கோட்டு மாட்டிக்கொண்டு, இருக்கிற இடமே தெரியாமல் நடமாடிய ஒரு பெண்மணிதான் இருக்கிறார். பெயர், ரோஸ் வலாந்த். 1898-ல் பிரான்ஸின் ஒரு கிராமத்தில் பிறந்தவர். அப்பா, குதிரைக்கு லாடம் அடிக்கும் கொல்லர். மகள் கஷ்டப்பட்டு ஓவியமும் கலை வரலாறும் படித்தார். 1932-ல் பாரிஸின் ழ டு போம் மியூசியத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளம்? மூச்! பல வருடம் வெறும் தன்னார்வலர்தான்.

1940-ல் பாரிஸ் விழுந்தது. நாஜிகள் அந்த மியூசியத்தைக் கைப்பற்றித் திருட்டுச் சரக்குக் கிடங்காக மாற்றினார்கள். ராத்ஸ்சைல்டு, டேவிட்-வெய்ல் மாதிரி பெரிய யூதக் குடும்பங்களின் வீடுகளிலிருந்து ஓவியங்கள் லாரி லாரியாக வந்து இறங்கின. இந்தக் கொள்ளைக்கென்றே ஒரு தனிப் படை. அதன் தலைவர், நாஜிக் கட்சியின் சித்தாந்தவாதி ஆல்ஃபிரட் ரோசன்பர்க். இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஹிட்லருக்கு லின்ஸ் நகரத்தில் ஒரு மாபெரும் மியூசியம் கட்டும் ஆசை. முதல் தர சரக்கு அதற்கு. அடுத்தது கோரிங்குக்கு. மனிதர் சுமார் இருபது தடவை ழ டு போமுக்கு நேரிலேயே வந்தார். ஜவுளிக்கடையில் புடவை எடுப்பது மாதிரி, இது வேண்டும், அது வேண்டாம் என்று பொறுக்கிக்கொண்டு போனார். பிக்காஸோ, பிராக் போன்ற நவீன ஓவியர்களின் படங்கள் நாஜி அகராதியில் ‘சீரழிந்த கலை’. அதற்காகத் தூக்கி எறிந்துவிடுவார்களா என்ன? பண்டமாற்றுக்கு உதவுமே!

இத்தனையையும் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார் வலாந்த். என்ன ஆனாலும் இடத்தைக் காலி செய்துவிடாதே என்று அவரிடம் சொல்லியிருந்தவர், பிரான்ஸின் தேசிய மியூசியங்களை நிர்வகித்த ழாக் ழோழார். அம்மணிக்கு ஜெர்மன் மொழி தெரியும் என்பது நாஜிகளுக்குத் தெரியாது. அவர் எதிரிலேயே எல்லாம் பேசினார்கள். எந்த ஓவியம், யார் வீட்டிலிருந்து வந்தது, எந்த ரயிலில், எந்த ஊருக்குப் போகிறது? பகலில் மனப்பாடம், ராத்திரியில் வீட்டில் எழுத்து. குப்பைத் தொட்டியில் கிடந்த கார்பன் தாளைக்கூட விடவில்லை. நெகட்டிவ்களை இரவோடு இரவாக எடுத்துப்போய்ப் பிரதி எடுத்துவிட்டு, காலையில் இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார். சந்தேகப்பட்டுப் பலமுறை வெளியே அனுப்பினார்கள். ஏதாவது காரணம் சொல்லித் திரும்பி வந்தார். மாட்டியிருந்தால் சாவு நிச்சயம். நாலு வருடம் இப்படி ஓடியது.

சரி, ரயிலுக்கு வருவோம். 1944 ஆகஸ்ட் ஆரம்பத்தில் மிச்சமிருந்த ஓவியங்களை 148 பெட்டிகளில் அடைத்து, ஐந்து வேகன்களில் ஏற்றிவிட்டார்கள். பிக்காஸோவின் படைப்புகள் மட்டும் 64. புறப்படவேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் பேராசை குறுக்கே வந்தது. யூத வீடுகளில் அள்ளிய மேஜை, நாற்காலி, கட்டில்களையும் அதே ரயிலில் ஏற்ற வேண்டுமாம். அதற்கு நாற்பதுக்கும் மேற்பட்ட வேகன்கள். ஏற்றிக்கொண்டே இருந்தார்கள்.

அந்த இடைவெளி வலாந்துக்குப் போதுமானதாக இருந்தது. ரயில் நம்பர் 40044, வேகன் நம்பர் இன்னின்ன என்று எழுதி ழோழாரிடம் சேர்த்தார். அவர் வழியாக விஷயம் எதிர்ப்பியக்கத்து ரயில்வேக்காரர்களுக்குப் போனது. அப்புறம் என்ன? இன்றைக்குப் பாதையில் நெரிசல், நாளைக்கு என்ஜினில் கோளாறு. போதாக்குறைக்கு ஆகஸ்ட் 10-ம் தேதி ரயில்வே ஸ்டிரைக் வேறு. வண்டி பாரிஸின் புறநகரைத் தாண்டவே இல்லை. வெடியும் இல்லை, மோதலும் இல்லை. நம் அரசு ஆபீஸ் ஃபைல் மாதிரி அப்படியே நின்றுவிட்டது.

ஆகஸ்ட் 25-ம் தேதி பாரிஸ் விடுதலை. இரண்டே நாளில் பிரெஞ்சுப் படையினர் அந்த ரயிலைப் பிடித்தார்கள். படைக்குத் தலைமை தாங்கிய இளம் லெஃப்டினென்ட் ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்த படங்களை அவருக்கு ஏற்கெனவே தெரியும். சின்ன வயதில் அவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தவை!

அவர் பெயர் அலெக்சாண்டர் ரோசன்பர்க். 1940-ல் உயிர் தப்பி நியூயார்க் போன யூதக் கலை வியாபாரி பால் ரோசன்பர்க்கின் மகன். நாஜி ரோசன்பர்க்குக்கும் இவர்களுக்கும் எந்த உறவும் இல்லை. ஒரு ரோசன்பர்க் திருடியதை இன்னொரு ரோசன்பர்க் மீட்டார். சினிமாவில் வைத்திருந்தால் நம்பியிருக்க மாட்டோம்.

சுபம் போட்டுவிடலாமா? முடியாது. இந்த ரயில் கடைசிச் சில்லறை மட்டும்தான். பெரும்பகுதி முன்பே ஜெர்மனிக்குப் போயாச்சு. எங்கே என்று தெரிந்தது வலாந்தின் குறிப்புகளுக்குத்தான். சட்டென்று யாரையும் நம்பாத அவர், மாதக்கணக்கில் எடை போட்டுப் பார்த்த பிறகே ஜேம்ஸ் ரோரிமர் என்ற அமெரிக்க அதிகாரியிடம் விவரங்களைக் கொடுத்தார். அதை வைத்துத்தான் அமெரிக்கர்கள் 1945-ல் பவேரியாவின் நியூஷ்வான்ஸ்டைன் கோட்டைக்குப் போனார்கள். ஓவியங்களோடு நாஜிகளின் பதிவேடுகளும் சிக்கின. வலாந்தே கேப்டன் சீருடை மாட்டிக்கொண்டு ஜெர்மனியில் வருடக்கணக்கில் தேடினார். மொத்தம் சுமார் அறுபதாயிரம் பொருள்கள் பிரான்ஸுக்குத் திரும்பின. அதில் நாற்பத்தைந்தாயிரம் உரியவர்களிடமோ, வாரிசுகளிடமோ சேர்ந்தன.

மிச்சம்? சுமார் இரண்டாயிரம் பொருள்களை பிரெஞ்சு மியூசியங்களில் தனிப் பட்டியல் போட்டு வைத்தார்கள். உரியவர் வந்தால் கொடுப்பதற்காக. சிலவற்றுக்கு வாரிசு வந்தார்கள். பலவற்றுக்கு இன்னும் யாரும் வரவில்லை. பிரான்ஸிலிருந்து மட்டும் 75,000-க்கும் மேற்பட்ட யூதர்களை முகாம்களுக்கு ரயில் ஏற்றினார்கள். திரும்பியவர்கள் சில ஆயிரம் பேர்தான். அந்த ரயில்கள் நிற்கவில்லை.

முதலில் வீட்டில் இருந்த படத்தை எடுத்தார்கள். பிறகு கட்டிலை, நாற்காலியை. ஆளையும் எடுத்தார்கள். எல்லாம் ஒரே வேலையின் பகுதிகள். அதனால்தான், ஓவியமா உயிரா என்று தராசில் வைத்துப் பார்ப்பது அவ்வளவாகப் பொருந்தவில்லை.

வலாந்த் 1961-ல் எழுதிய புத்தகம்தான் ‘தி ட்ரெயின்’ படத்துக்கு மூலம். அதில் அவர் சாயலில் வரும் பாத்திரத்துக்குச் சில நிமிடங்களே. நிஜத்தில் விருதுகள் கொடுத்தார்கள். அதிகாரப்பூர்வ மியூசியக் காப்பாளர் பதவி மட்டும் 1952-ல்தான் வந்தது. 1980-ல் இறந்தார். ழ டு போம் சுவரில் அவர் பெயரில் பலகை வைக்க 2005 ஆனது.

அடுத்த முறை அந்தப் படம் கிடைத்தால், கடைசிக் காட்சியில் பெட்டிகளைக் கவனியுங்கள். அவற்றின் மேல் இருப்பது வரைந்தவர்களின் பெயர்கள். ரோஸ் வலாந்த் உயிரைப் பணயம் வைத்து எழுதிவைத்தது, அந்தப் படங்கள் யார் வீட்டில் தொங்கிக்கொண்டிருந்தனவோ, அவர்களின் பெயர்களையும்.