படக்குழாயின் ஒளி

ஓலைச்சுவடி ஒன்றை முதன்முதலாகக் கையில் எடுக்கும் தமிழ் மாணவர் திகைப்பது இயல்பு. எழுத்துகள் அறிந்தவையாகவே தோன்றும். ஆயினும் படிக்க வாராது. மெய்யெழுத்தின் தலையில் புள்ளி இராது. எகரத்திற்கும் ஏகாரத்திற்கும் வடிவில் வேறுபாடு இராது. முன்னே நிற்பது 'எரி'யா 'ஏரி'யா என்பதை இடம் நோக்கியே துணிதல் வேண்டும். நெருப்பும் நீரும் ஒரே கீறலில் அடங்கிக் கிடக்கும் விந்தை அது! எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும். ஆகவே எழுதினோர் புள்ளியை விடுத்தனர். படிப்போர் அதனை இட்டுக்கொள்வர் என்னும் நம்பிக்கையோடு விடுத்தனர். ஓலையில் இருந்தது பாதி. படிப்பவர் பழக்கத்தில் இருந்தது மறுபாதி.

இவ்வுண்மை நூல்களுக்கு மட்டும் உரியதன்று. சென்ற நூற்றாண்டின் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பிறந்து, சிறுவர் உள்ளங்களைக் கொள்ளை கொண்ட வீடியோ விளையாட்டுகளுக்கும் இது பொருந்தும். அவற்றின் படங்களில் பாதி, நிரலில் இருந்தது. மறுபாதி, தொலைக்காட்சிப் பெட்டியின் கண்ணாடிக் குழாயில் இருந்தது. குழாய் மறைந்துவிட்ட இந்நாளில், மறைந்த அந்தப் பாதியை மீட்டெடுக்க முயல்வோர் சிலர் உளர். அவர்தம் முயற்சியைச் சிங்கப்பூரின் வரலாற்றோடு சேர்த்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிங்கையில் படக்குழாய்

1963ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் மாலை, விக்டோரியா நினைவு மண்டபத்தில், அன்றைய பண்பாட்டு அமைச்சர் சி. இராசரத்தினம் சிங்கப்பூரின் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கிவைத்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர் ஒருவர் இந்நாட்டின் முதல் ஒளிபரப்பைத் தொடங்கிவைத்தார் என்பது நாம் நினைந்து மகிழத்தக்க செய்தி. அந்நாளில் வீட்டில் பெட்டி வைத்திருந்தோர் சிலரே. ஏனையோர் சமூக நிலையங்களில் கூடினர். பாயில் அமர்ந்தும் வாயிலில் நின்றும் ஒரே குழாயின் ஒளியைப் பலர் பகிர்ந்துகொண்டனர். அதே ஆண்டின் இறுதிக்குள் 8ஆம் ஒளிவழியும் வந்தது; சீனத்திற்கும் தமிழுக்கும் அதில் இடம் கிடைத்தது. 'செட்ரான்' என்னும் உள்ளூர் நிறுவனம் அறுபதுகளிலேயே இங்குப் பெட்டிகளைப் பூட்டி விற்றது.

1974ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள், மேற்கு ஜெர்மனியும் நெதர்லாந்தும் மோதிய உலகக் கிண்ணக் காற்பந்து இறுதியாட்டத்தைச் சிங்கப்பூர் மக்கள் வண்ணத்தில் கண்டனர். அதன்பின் அடுக்குமாடி வீடுகளின் கூடங்களில் வண்ணப் பெட்டி மெல்ல மெல்ல இடம்பிடித்தது. விடுமுறைக்குத் தமிழகம் செல்வோர் சிராங்கூன் சாலைப் பகுதிக் கடைகளில் பெட்டி வாங்கி, கயிறு கட்டி விமானமேற்றிய காட்சியை முதியோர் இன்றும் நினைவுகூர்வர்.

இப்பெட்டிகளின் முன்தான் விளையாட்டுகள் வந்து அமர்ந்தன. வீடியோ விளையாட்டுக் கூடங்கள் இளையரைக் கெடுக்கின்றன என்னும் கவலையால் 1983ஆம் ஆண்டில் அரசு அவற்றை மூடச் செய்தது. பின்னாளில் அத்தடை தளர்ந்தது. ஆயினும், இடைப்பட்ட ஆண்டுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வீட்டுக் கூடத்துப் பெட்டியே விளையாட்டுக் கூடமாயிற்று. தமிழ்ச் செய்தி முடியும்வரை காத்திருந்து, பெற்றோர் எழுந்தபின் கம்பியைச் செருகி விளையாடிய தலைமுறை அது.

குழாயில் படம் தோன்றும் முறை

படக்குழாயின் பின்புறக் கழுத்திலிருந்து மின்னணுக் கதிர் பாயும். அது கண்ணாடியின் உட்புறம் பூசிய ஒளிர்பொருளைத் தாக்கும். தாக்கிய இடம் ஒளிரும். அக்கதிர் இடமிருந்து வலமாக வரி வரியாக ஓடி, மேலிருந்து கீழாகத் திரையை நிரப்பும். நாம் ஏட்டில் வரி எழுதுவதும் இவ்வாறே அன்றோ? வண்ணக் குழாயில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிர்பொருள்கள் அடுத்தடுத்து அமைந்திருக்கும். ஒவ்வொரு கதிரும் தன் நிறத்தை மட்டுமே தொடுமாறு இடையில் ஓர் உலோகத் தகடு நிற்கும். சிலவற்றில் அத்தகட்டில் சிறு துளைகள் இருந்தன. 1968இல் சோனி நிறுவனம் கொணர்ந்த 'டிரினிட்ரான்' குழாயில் துளைகளுக்கு மாறாக நெடுக்குக் கம்பிகள் நிறைந்தன.

சிங்கப்பூர் பின்பற்றிய 'பால்' முறையில் ஒரு முழுப்படத்திற்கு 625 வரிகள். ஒற்றைப்படை வரிகள் ஒரு முறையும், இரட்டைப்படை வரிகள் மறுமுறையுமாகக் கதிர் மாறி மாறி எழுதும். ஆனால் அக்கால விளையாட்டுக் கருவிகளின் ஆற்றல் குறைவு. அவை ஒவ்வொரு முறையும் ஒரே வரிகளையே மீண்டும் மீண்டும் எழுதின. எனவே வரிக்கும் வரிக்கும் இடையே மெல்லிய இருள் தங்கிற்று. நெசவில் பாவிழைகளுக்கு இடையே வெளி தெரிவது போன்றது அது. ஒளி மிகுந்த வரி தடித்தும், மங்கிய வரி மெலிந்தும் தோன்றும். அருகருகே உள்ள நிறங்கள் ஒன்றில் ஒன்று கசியும்.

ஓவியர் அறிந்த குறை

இவையெல்லாம் குறைகள்தாம். எனினும் அக்கால ஓவியர்கள் அக்குறைகளை அறிந்து, அவற்றையே தூரிகையாகக் கொண்டனர். 1991இல் சேகா நிறுவனம் வெளியிட்ட 'சோனிக்' விளையாட்டில் அருவி ஒன்று விழும். நிரலில் அது ஒன்றுவிட்டு ஒன்றாக வரைந்த நெடுங்கோடுகளே. இக்காலத் தட்டைத்திரையில் பார்த்தால் அருவி தெரியாது, சன்னற்கம்பி தெரியும். சாதாரணக் கம்பிவழியே பழைய பெட்டிக்குச் சென்றபோது அக்கோடுகள் கலந்தன; பின்னுள்ள பாறை தெரிய நீர் வழிந்தது. ஓவியர் வரைந்தது கோடு. குழாய் காட்டியது நீர்.

அளவிலும் இவ்வாறே. நிண்டெண்டோவின் 'சூப்பர் பமிகாம்' கருவி பெரும்பாலும் 256 புள்ளி அகலமும் 224 புள்ளி உயரமும் உள்ள படத்தைத் தந்தது. அதன் விகிதம் எட்டுக்கு ஏழு. பெட்டியோ அதனை நான்குக்கு மூன்றாக அகலப்படுத்திக் காட்டியது. இன்றைய திரை அப்புள்ளிகளைச் சதுரமாகவே காட்டுமாயின், பெட்டியில் உருண்டையாகத் தெரிந்த நிலவு முட்டையாகிவிடும்.

குறையை நிறைவாக்கும் இவ்வேட்கை பழையது. 1978இல் டோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' கருவியின் திரை கருப்பு வெள்ளையே. அதன்மேல் வண்ணக் கண்ணாடித்தாள் பட்டைகளை ஒட்டி நிறம் ஊட்டினர். தமிழகத்தில் கருப்பு வெள்ளைப் பெட்டிகளின் முன் வண்ண நெகிழித் தகட்டை மாட்டி, 'கலர் டிவி' பார்த்து மகிழ்ந்த வீடுகள் பல. படத்திற்கும் கண்ணுக்கும் இடையே ஒன்றை நிறுத்திக் காட்சியை மாற்றும் அவ்வழியையே இன்று ஷேடர்கள் மேற்கொள்கின்றன.

ஷேடர் என்னும் உரைகாரர்

ஷேடர் என்பது கணினியின் வரைகலைச் செயலியில் இயங்கும் சிறு நிரல். திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் அது தனித்தனியே கணக்கிடும்: இப்புள்ளி பழைய வரியின் நடுவில் உள்ளதா, இடைவெளியில் உள்ளதா? சிவப்புப் பட்டையில் விழுகிறதா, நீலப் பட்டையிலா? அண்டை நிறம் எவ்வளவு கசிந்திருக்கும்? கண்ணாடியின் வளைவில் எங்கே ஒதுங்கியிருக்கும்? இவற்றையெல்லாம் நொடிக்கு 60 முறை கணித்து, தட்டைத்திரையில் பழைய குழாயின் ஒளியைத் தோற்றுவிக்கும். 'சி.ஆர்.டி. ராயல்' முதலிய பல ஷேடர்களை ஆர்வலர்கள் எழுதி, எவரும் எடுத்தாளும்படி பொதுவில் வைத்துள்ளனர். 'ரெட்ரோஆர்ச்' போன்ற மென்பொருள்களில் அவற்றை இயக்கலாம்.

இதற்குத் திரையின் நுண்மையும் தேவை. 240 வரிப் படத்தை 1080 வரித் திரையில் காட்டினால், ஒரு பழைய வரிக்கு நாலரை வரி கிடைக்கும். அரை வரியைப் பங்கிடுவதில் சில வரி தடித்தும் சில மெலிந்தும் ஒழுங்கு கெடும். 2160 வரித் திரையிலோ ஒவ்வொரு பழைய வரிக்கும் ஒன்பது வரி சரியாக அமையும். அவ்வொன்பதனுள் ஒளியையும் இருளையும் செவ்வனே நிரவலாம்.

புள்ளியில்லா ஓலையைப் புள்ளியிட்டு, சீர் பிரித்து, 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையரின் பணியை இங்கு நினைத்தல் பொருந்தும். பொருளின் பெருமையில் இரண்டையும் ஒப்பிடுவார் இலர். செய்ந்நெறியில் ஒப்புமை உண்டு: மூலத்தை மாற்றாமல், மூலம் எக்கருவியை நம்பிப் பிறந்ததோ அக்கருவியின் பங்கை மீட்டளித்தல்.

பாடவேறுபாடும் இடைச்செருகலும்

பதிப்புத்துறையின் இடர்களும் இதில் உண்டு. முதலாவது பாடவேறுபாடு. சப்பானியப் பெட்டி நொடிக்கு 60 முறை படம் எழுதியது. நம் 'பால்' பெட்டி 50 முறை. சப்பானிய விளையாட்டை மாற்றாது 50க்கு ஓட்டினால் ஓட்டம் ஆறில் ஐந்து பங்காகத் தளரும். மேலும் கீழும் கரும்பட்டை விழும். பல முறைகளையும் ஏற்கும் பெட்டிகளும் இவ்வட்டாரத்தில் விற்பனையாயின. ஆதலின் பக்கத்து வீடுகளில் வளர்ந்த இரு சிறுவர் ஒரே விளையாட்டை இரு வேகத்தில் நினைவிற் கொண்டிருத்தல் கூடும். இருவர் நினைவும் மெய்யே.

இரண்டாவது இடைச்செருகல். பழமையைக் காட்டும் ஆர்வத்தால் கோடுகளைக் கருக்கி, திரையைப் பந்தென வளைத்து, எந்தப் பெட்டியிலும் இராத மங்கலைப் புகுத்துவோர் உளர். அன்றைய பெட்டி ஒளி மிக்கது. இருண்ட கோடுகளைத் திணித்துவிட்டு ஒளியைக் கூட்டாது விட்டால், படம் மாலை மயங்கியதுபோல் ஆகிவிடும். நல்ல ஷேடரைத் தேர்வோர் தம் விருப்பத்தைக் கேளாது, குழாயைக் கேட்டல் வேண்டும்.

சான்றுகள் மறையுமுன்

குழாயைக் கேட்க வேண்டுமாயின் குழாய் இருத்தல் வேண்டும். டிரினிட்ரான் குழாய்களை உருவாக்கிய ஆலை சிங்கப்பூரிலும் இருந்தது. 2008ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் அவ்வுற்பத்தி இங்கு நின்றது. உலகெங்கும் இன்று ஷேடர் எழுதுவோர் பெரிதும் போற்றிப் பின்பற்றும் அந்தக் கம்பித் தகட்டின் ஒளியை, நம் தீவின் தொழிலாளர் கைகள் ஆக்கி அனுப்பின என்பதை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்? தேக்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருந்த சுங்கை ரோடு பழஞ்சந்தையில் பழைய மின்பொருள்கள் கிடைத்தன; 2017 ஜூலை 10ஆம் நாளோடு அச்சந்தையும் மூடப்பட்டது. 2019 சனவரித் தொடக்கத்தில் பழைய முறை ஒளிபரப்பும் அடங்கியது. ஈயம் கலந்த கண்ணாடியை உடைய குழாயை வீட்டில் வைத்திருக்க இடமில்லை, பெட்டிகள் மின்கழிவாயின. எவரையும் குறைகூற வழியில்லை.

ஆயினும் அப்பெட்டிகளைப் பழுது பார்த்த கைகள் இன்னும் நம்மிடையே உள்ளன. நிறம் பிசகிய குழாயைக் கண்ட மாத்திரத்தில் குறை உணர்ந்த அம்முதியோர், நம் அடுக்குமாடிகளின் கீழ்த்தளங்களில் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கின்றனர். சுவடி தேடி ஊர் ஊராய் அலைந்தவர்க்குச் சில இடங்களில் கிடைத்த விடை, சுவடிகளை ஆற்றில் விட்டாயிற்று என்பதே. ஓலை போனபின் வருந்திய நாம், ஒளி போனபின்னும் வருந்தக் கூடாது. ஆசிரியர்கள் தம் மாணவரை அம்முதியோரிடம் அனுப்பிக் கேட்டெழுதச் செய்யலாம்: படம் எப்படித் தெரிந்தது, எவ்வளவு ஒளி இருந்தது, எந்த நிறம் முதலில் மங்கியது என்று. ஷேடர் எழுதும் இளைஞனுக்கு அக்குறிப்புகள் சான்றாகும். மொழி பயிலும் மாணவனுக்கோ, கண்டதைக் கண்டவாறு தமிழில் எழுதும் பயிற்சியாகும்.