‘முகவர்’ என்னும் ஒரு சொல்: ஆளுநர் வெல்டும் ஜொகூரும்

சர் பிரெடெரிக் வெல்டின் பெயரை நம் மாணவர்கள் பெரும்பாலும் இருப்புப்பாதை வரலாற்றில்தான் எதிர்கொள்கின்றனர். மலாயாவின் முதல் இருப்புப்பாதை 1885 ஜூன் முதல் நாள் தைப்பிங்கையும் போர்ட் வெல்டையும் இணைத்தது. அத்துறைமுகம் இன்று கோலா செபெத்தாங். ஜொகூர் வரலாற்றிலோ அவர் இடம்பெறுவது, விரும்பியதைப் பெறாத ஆளுநராக.

1823இல் இங்கிலாந்தின் டோர்செட் பகுதியில், பழைய கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்த வெல்ட், இளமையிலேயே நியூசிலாந்து சென்று ஆட்டுப்பண்ணை நடத்தினார். 1864-65இல் அந்நாட்டின் தலைமையமைச்சராக இருந்தார். பின்னர் மேற்கு ஆஸ்திரேலியாவையும் தாஸ்மேனியாவையும் ஆண்டு, 1880இல் நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராகச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார்.

அப்போது பேராக், சிலாங்கூர், சுங்கை ஊஜோங் ஆகியவற்றில் ‘ரெசிடென்ட்’ பதவி வேரூன்றியிருந்தது. ஏட்டளவில் அவர் ஆலோசனை கூறுபவர். ஆனால் சமயமும் மலாய் வழக்காறும் நீங்கலாக, மன்னர் அவ்வாலோசனையைக் கேட்டு நடந்தே தீரவேண்டும். இத்தகைய ‘ஆலோசனை’ எம்மொழி அகராதியிலும் இராது! ஜொகூரிலும் ஒரு ரெசிடென்டை அமர்த்த வெல்ட் விரும்பினார். மகாராஜா அபு பக்காருக்கு நெகிரி செம்பிலான் சிற்றரசுகளில் இருந்த செல்வாக்கையும் குறைத்தார்.

அபு பக்கார் சிங்கப்பூரோடு வழக்காடிக் கொண்டிருக்கவில்லை. ஆளுநரைக் கடந்து இலண்டனுக்கே சென்றார். 1885 டிசம்பர் 11ஆம் நாள் குடியேற்ற நாட்டு அமைச்சகத்துடன் உடன்படிக்கை செய்து ‘சுல்தான்’ என்னும் பட்டத்தைப் பெற்றார். அயலுறவை விட்டுக்கொடுத்தார், தூதரக அலுவலரை ஒத்த பிரிட்டிஷ் ‘முகவர்’ ஒருவரை ஏற்கவும் இசைந்தார். ‘ரெசிடென்ட்’ என்ற சொல்லுக்கு அதில் இடமில்லை. முகவர் பதவியும் நிரப்பப்படாமலே கிடந்தது.

ஒரு சொல்தான் ஜொகூரைக் காத்தது என்று சொல்ல மொழியியலாளராகிய நமக்கு ஆசைதான். பகாங்கின் கதை அதற்கு இடந்தரவில்லை. அங்கும் 1887இல், வெல்டின் உறவினரான ஹியூ கிளிஃபர்டின் முயற்சியால், ‘முகவர்’ என்ற சொல்லே ஏற்கப்பட்டது. மறு ஆண்டே அங்கு ரெசிடென்ட் வந்துவிட்டார். ஜொகூருக்கு அரணாக நின்றவை அபு பக்காரின் இலண்டன் நட்புகளும், 1886இல் அங்கு அவர் அமைத்த ஆலோசனை வாரியமும், குறைகூற இடந்தராத நிருவாகமுமே. அவை தளர்ந்தபின், 1914இல் ஜொகூரின் ‘பொது ஆலோசகர்’ ரெசிடென்டுக்கு நிகரான அதிகாரம் பெற்றார். பெயர் மென்மையானது, கட்டாயம் பழையதே. இவ்வுடன்படிக்கைகளைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், பதவிப் பெயரை மட்டும் மனப்பாடம் செய்விக்காமல், அதை ஏந்திய வினைச்சொற்களையும் படித்துக்காட்ட வேண்டும்.

வெல்டின் இன்னொரு முடிவு நம்மவரை நேரே தொடுவது. சீனர் பெருகியிருந்த குடியேற்றங்களில் அவர்களுக்கு ஈடாக இந்தியர் வரவேண்டும் என்று 1887இல் அவர் இலண்டனுக்கு எழுதினார். தோட்டங்களின் கூலித்தேவைக்கு அப்பால் இது ஓர் அரசியல் கணக்கு. நாகப்பட்டினத்திலிருந்து வந்த நீராவிக் கப்பல்களுக்கு அரசு மானியமும் வழங்கப்பட்டது. அவ்வாண்டே பதவி துறந்த வெல்ட் 1891இல் டோர்செட்டில் காலமானார். ஜொகூரின் காடுகள் ரப்பர் தோட்டங்களானதை அவர் காணவில்லை. அத்தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் காலம் வந்தபோது, நாகப்பட்டினக் கடல்வழி ஆயத்தமாகவே இருந்தது.