விபத்தின் சுமை யார் தோளில்? ஆகிலா முதல் மோட்டார் தகாஃபுல் வரை

தவறுதலாக ஓர் உயிர் பறிபோனால், அதற்குரிய ‘தியத்’ எனும் இழப்பீட்டைக் காரணமானவரின் தந்தைவழி உறவினர் கூடிச் செலுத்துவது பண்டைய அரபுக் குலங்களின் வழக்கம். ‘ஆகிலா’ எனப்படும் இம்முறையை இறைத்தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் நிலைநிறுத்தினார்கள். ஆயினும், வேண்டுமென்றே செய்த கொலைக்கு உறவினர் பொறுப்பாகார்; அச்சுமை குற்றவாளியையே சாரும். தவறுதலைச் சமூகம் பகிர்ந்துகொள்ளும், குற்றத்தைப் பகிராது.

இந்த வேறுபாட்டின் வெளிச்சத்தில் மலேசியாவின் வாகனக் காப்புறுதி வரலாற்றை நோக்கலாம். அங்கே 1984இல் தகாஃபுல் சட்டம் இயற்றப்பட்டது. பங்கேற்பாளர் செலுத்தும் தொகை ‘தபர்ருஉ’ எனும் நன்கொடையாகப் பொதுநிதியில் சேர்ந்து, இழப்புற்றவருக்கு உதவுகிறது. 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, காப்புறுதி இல்லாத வாகனத்தைச் சாலையில் ஓட்டுவது குற்றமாகும்.

நெடுங்காலம் வாகனக் காப்புறுதிக்கு அரசு அங்கீகரித்த கட்டண அட்டவணையே நடைமுறையில் இருந்தது. தகாஃபுலும் அதையே பின்பற்றியது. இயந்திரத் திறனும் வாகன மதிப்பும் அடிப்படைக் கட்டணத்தைத் தீர்மானித்தன. இடத்தைப் பொறுத்தவரை, தீபகற்ப மலேசியாவுக்கு ஒரு கட்டணம். சபா, சரவாக்கிற்குக் குறைந்த கட்டணம். திருட்டும் நெரிசலும் மிகுந்த நகரத்தாரின் சுமையைத் தீபகற்பத்தின் சிற்றூரார் இவ்வாறு பகிர்ந்துகொண்டனர்.

எனினும் இதற்கொரு மறுபக்கம் உண்டு. ஆபத்துக்கேற்பக் கட்டணத்தை உயர்த்த இயலாத நிறுவனங்கள், ஆபத்து மிகுந்த வாகனங்களை ஏற்கத் தயங்கின. வேறெங்கும் காப்புறுதி கிடைக்காதோருக்காக, நிறுவனங்கள் கூட்டாகப் பொறுப்பேற்கும் மலேசிய மோட்டார் காப்புறுதிக் கூட்டுநிதி 1992இல் அமைந்தது.

2017 ஜூலை 1 முதல் முழுக்காப்புறுதிக்கான கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயிக்க வழி திறக்கப்பட்டது. ஓட்டுநரின் வயது, இழப்பீடு கோரிய வரலாறு ஆகியவற்றோடு, வாகனம் இருக்கும் இடமும் கணக்கில் கொள்ளப்படலாயிற்று. இதனால், நிதானமாக ஓட்டுபவரும் திருட்டு மிகுந்த பகுதியில் குடியிருப்பின் கூடுதலாகச் செலுத்த நேரிடலாம்.

இங்கேதான் ஆகிலாவின் பாடம் துணைநிற்கிறது. அலட்சியமாக ஓட்டுபவர் கூடுதலாகச் செலுத்துவது நீதியே. இழப்பீடு கோராதவருக்குத் தனியார் காரில் 55 விழுக்காடு வரை கிடைக்கும் தள்ளுபடியும் நன்னடத்தைக்குரிய பரிசே. ஆனால் அயலில் நிகழும் திருட்டு குடியிருப்போரின் குற்றமன்று. அச்சுமையை இயன்றவரை பலரும் பகிர்வதே, பரஸ்பர உதவியைப் பெயரிலேயே தாங்கிய தகாஃபுலுக்கு அழகு.