ஆசிரியர் கைவிட்ட பாடம்: அணு அமைப்பின் வரலாற்றில் ஒரு சென்னைச் சந்திப்பு

பெரம்பலூர் மாவட்டத்திலுள்ள செட்டிகுளம் வட்டாரம் சின்ன வெங்காயச் சாகுபடிக்குப் பெயர் பெற்றது. அவ்வூர்ச் சபையில் அணுவின் அமைப்பை எடுத்துரைக்க நேரும் ஆயர் ஒருவர், வெங்காயத்தையே உவமையாகக் கையாளக்கூடும். நடுவில் கரு, அதனைச் சூழ்ந்து அடுக்கடுக்காக எலக்ட்ரான் கூடுகள். கேட்போர் மனத்தில் இவ்வுவமை உடனே பதியும். ஆயினும் வெங்காயத்தின் தோலை விரலால் உரித்தெடுக்கலாம். எலக்ட்ரான் கூடோ அவ்வாறு எல்லை வகுத்துப் பிரித்தெடுக்கத்தக்க பொருளன்று. உவமை ஓர் எல்லைவரை நம்மை வழிநடத்தும்; அதற்கு அப்பால் அதனை விட்டுவிட வேண்டும்.

அணுவைப் பற்றிய மனித அறிவின் வரலாறு, இத்தகைய உவமைகளைக் கைக்கொண்டதும் கைவிட்டதுமாகிய வரலாறே எனலாம். கைவிடுதல் எளிதன்று என்பதும் அவ்வரலாறு கற்பிக்கும் பாடமாகும். அப்பாடம் துலக்கமாய் வெளிப்பட்ட நிகழ்ச்சிகளுள் ஒன்று நம் சென்னையிலேயே நடந்தது. அதனை விளங்கிக்கொள்ள, முதற்கண் பின்னணியைச் சுருக்கமாக நோக்குவோம்.

பகுக்க இயலாத துகள்

பொருள்கள் யாவும் நுண்ணிய அணுக்களால் ஆனவை என்னும் எண்ணம் மிகத் தொன்மையானது. கிரேக்க நாட்டில் டெமாக்கிரிட்டஸ் அதனைக் கற்பித்தார். இந்தியாவில் வைசேடிகர் அதனை வளர்த்தனர். தமிழில் மணிமேகலைக் காப்பியத்தில் ஆசீவகவாதி தன் அணுக்கொள்கையை விரித்துரைக்கும் பகுதி நாம் அறிந்ததே. எனினும் இவையெல்லாம் சிந்தனையால் எட்டிய முடிவுகளேயன்றி, அளந்து கண்டவையல்ல. கிரேக்க அணுக்கொள்கை கடவுளை மறுப்போரின் கொள்கை என்ற ஐயம் திருச்சபையில் நெடுங்காலம் நிலவியது. பதினேழாம் நூற்றாண்டில் பியேர் கசெண்டி என்னும் பிரெஞ்சுக் குருவானவர், அணுக்களும் படைக்கப்பட்டவையே என வாதிட்டு, அவ்வையத்தைக் குறைக்க முயன்றார்.

அளவையின் அடிப்படையில் அணுக்கொள்கையை நிறுவத் தொடங்கியவர் இங்கிலாந்தின் ஜான் டால்ட்டன். குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த இவ்வெளிய பள்ளியாசிரியர், 1803-ஆம் ஆண்டில் அணு எடைகளின் முதற்பட்டியலை வகுத்தார். அவருக்கு அணு என்பது பகுக்க இயலாத திண்ணிய துகள். அவ்வுருவகம் ஏறத்தாழ நூறாண்டுக்காலம் வேதியியலைத் தாங்கி நின்றது.

கோள்களும் சுற்றுப்பாதைகளும்

1897-இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்தபோது, பகுக்க இயலாதது என எண்ணப்பட்டது பகுக்கப்பட்டது. நேர்மின்னேற்றம் கோளமாய்ப் பரவியிருக்க, அதனுள் எலக்ட்ரான்கள் பதிந்துள்ளன என்பது தாம்சனின் கருத்து. ரதர்போர்டின் ஆய்வுக்கூடத்தில் கைகரும் மார்ஸ்டனும் மெல்லிய பொன்தகட்டின்மீது ஆல்பா துகள்களைச் செலுத்தினர். பெரும்பாலானவை ஊடுருவிச் சென்றன. மிகச் சில மட்டும் பின்னோக்கித் திரும்பின. தாம்சனின் அணுவில் இது நிகழ இயலாது. ஆகவே அணுவின் நிறை முழுவதும் அதன் நடுவே மிகச் சிறிய கருவில் செறிந்துள்ளது என ரதர்போர்டு 1911-இல் முடிவு செய்தார்.

கதிரவனைக் கோள்கள் சுற்றுவதுபோல் எலக்ட்ரான்கள் கருவைச் சுற்றுகின்றன என்னும் உவமை இவ்வாறு பிறந்தது. ஆனால் பழைய மின்னியல் விதிகளின்படி, சுற்றும் எலக்ட்ரான் ஆற்றலை இழந்து கருவில் விழுந்துவிட வேண்டும். 1913-இல் நீல்ஸ் போர், குறிப்பிட்ட சில ஆற்றல் நிலைகளில் மட்டும் எலக்ட்ரான் நிலைத்திருக்கும் எனக் கூறி, ஹைட்ரஜன் நிறமாலையின் கோடுகளைக் கணக்கிட்டுக் காட்டினார். மியூனிக் நகரப் பேராசிரியர் ஆர்னால்டு சோமர்ஃபெல்டு 1916-ஆம் ஆண்டளவில் நீள்வட்டப் பாதைகளைச் சேர்த்து அக்கொள்கையை விரிவாக்கினார். 1919-இல் வெளிவந்து ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்ட, அணு அமைப்பும் நிறமாலைக் கோடுகளும் பற்றிய அவருடைய நூல், ஒரு தலைமுறை மாணவர்க்கு இத்துறையின் வேதநூல் போலவே விளங்கியது.

1928: சென்னையில்

செட்டிகுளத்திற்குத் தெற்கேயுள்ள திருச்சிராப்பள்ளியில் 1888-இல் பிறந்தவர் சர் சி. வி. இராமன். அவருடைய தமையனாரின் மகனாகிய சந்திரசேகர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற காலத்தில், சோமர்ஃபெல்டின் நூலைத் தாமாகவே ஆழ்ந்து கற்றிருந்தார். 1928-இல் சோமர்ஃபெல்டு இந்தியாவுக்கு வந்து, அக்கல்லூரியில் சொற்பொழிவாற்றினார். பதினெட்டு வயதை ஒட்டிய அம்மாணவர், பேராசிரியர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று அவரைக் கண்டார். தாம் அவருடைய நூலைக் கற்றிருப்பதைக் கூறினார்.

அந்நூலாசிரியர் அளித்த விடை மாணவரைத் திகைக்கச் செய்தது. அந்நூலிலுள்ள இயற்பியல் இப்போது அடியோடு மாறிவிட்டது என்றார் அவர். 1925, 1926-ஆம் ஆண்டுகளில் ஹைசன்பெர்க், ஷ்ரோடிங்கர், டிராக் ஆகியோரின் ஆய்வுகள் சுற்றுப்பாதை என்னும் எண்ணத்தையே அகற்றியிருந்தன. இரண்டு எலக்ட்ரான்களை மட்டும் கொண்ட ஹீலியத்தின் நிறமாலையைக்கூடப் பழைய கொள்கையால் விளக்க இயலவில்லை. புதிய கொள்கையில் எலக்ட்ரான் ஒரு குறித்த பாதையில் செல்வதன்று. அது இன்ன இடத்தில் காணப்படுவதற்கான வாய்ப்பை மட்டுமே கணிக்கலாம்.

சோமர்ஃபெல்டு அத்துடன் நிற்கவில்லை. உலோகங்களிலுள்ள எலக்ட்ரான்களைப் பற்றித் தாம் எழுதி, அப்போது வெளிவராதிருந்த கட்டுரையின் அச்சுப்படிகளை அம்மாணவரிடம் கொடுத்தார். அறுபது வயதை எட்டிக்கொண்டிருந்த உலகப் புகழ்பெற்ற ஆசிரியர், தம் புகழுக்குக் காரணமான நூல் பழமையாகிவிட்டதென ஓர் இளைஞரிடம் ஒளிவின்றி ஒப்புக்கொண்டு, அடுத்த படிக்கு வழியும் காட்டினார். சந்திரசேகர் அப்புதிய கொள்கையைக் கற்று எழுதிய கட்டுரை, 1929-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் இடம்பெற்றது.

ஏற்றவரும் மறுத்தவரும்

1930-இல் மேற்படிப்புக்காகக் கப்பலேறிய சந்திரசேகர், பயணத்தின்போதே அதே எலக்ட்ரான் கொள்கையை விண்மீன்களுக்குப் பொருத்திப் பார்த்தார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறுமீனை அதன் ஈர்ப்பினின்று தாங்கி நிற்பது நெருக்குண்ட எலக்ட்ரான்களின் அழுத்தமேயாகும். சார்பியல் விதியையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, அத்தாங்குதலுக்கு ஓர் எல்லை உண்டு என அவர் கண்டார். கதிரவனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்டால், அவ்விண்மீன் வெண்குறுமீனாக நிலைத்திருக்க இயலாது.

1935-ஆம் ஆண்டு ஜனவரியில் இலண்டன் ராயல் வானியல் கழகத்தில் அவர் இதனை எடுத்துரைத்தார். அடுத்துப் பேசிய சர் ஆர்தர் எடிங்டன் அம்முடிவை எள்ளி நகையாடினார். எடிங்டன் சிறியவரல்லர், ஐன்ஸ்டீனின் கொள்கையை 1919-இன் கதிரவ மறைவின்போது சோதித்தறிந்தவர், ஆழ்ந்த சமயப் பற்றுடையவருங்கூட. ஆயினும் இயற்கை இவ்வாறு நடவாது என்னும் தம் முற்கருத்தை விட அவர் மனம் இசையவில்லை. சந்திரசேகருக்கு நோபெல் பரிசு கிடைத்தது 1983-ஆம் ஆண்டிலேதான். எனினும் அவர் கசப்பை வளர்க்கவில்லை. எடிங்டனின் நூற்றாண்டையொட்டி 1982-இல் கேம்பிரிட்ஜில் உரையாற்றி, அவருடைய சிறப்பைப் போற்றினார்.

நாம் கற்கத்தக்கது

இவ்வரலாறு அருட்பணியாளர்க்கு இருவகை எச்சரிக்கையைத் தருகிறது. பள்ளிப் பருவத்தில் கற்ற கோளமைப்பு அணுவை இன்றைய அறிவியலின் முடிவாக மேடையில் எடுத்துரைத்து, அதன்மீது கடவுளின் ஞானத்திற்குச் சான்று கட்டுவோர் நம்மிடையே உண்டு. அவ்வுருவகம் வீழும்போது, அதன்மேல் கட்டிய சான்றும் வீழும். கேட்ட இளைஞனின் உள்ளத்தில் விசுவாசமும் அதனுடன் ஆட்டங்காணும். 1927-இல் ஹைசன்பெர்க் வெளியிட்ட நிச்சயமின்மைக் கோட்பாட்டை மனிதனின் சுயாதீனத்திற்கு நிரூபணமாகக் காட்டுவோரும் இதே தவற்றைச் செய்கின்றனர்.

அறிவியல் நாள்தோறும் மாறுவதால் அதனை நம்ப வேண்டுவதில்லை என்று கூறுவதும் பிழையே. தாம்சனின் கோளம் மறைந்தது. அவர் கண்ட எலக்ட்ரான் நிலைத்தது. கோளமைப்பு உவமை மறைந்தது. ரதர்போர்டு கண்ட கரு நிலைத்தது. போரின் பாதைகள் மறைந்தன. ஆற்றல் நிலைகள் நிலைத்தன. 1932-இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டார். பின்னர்ப் புரோட்டானும் நியூட்ரானும் குவார்க்குகளால் ஆனவை என அறியப்பட்டது. ஒவ்வொரு மாற்றத்திலும் உருவகம் விலகிற்று. சோதனையில் தேறியது தங்கிற்று.

எனவே செட்டிகுளத்து ஆயர் வெங்காய உவமையைத் தாராளமாய்க் கையாளட்டும். அது எதுவரை பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதையும் அவர் சபையாருக்குச் சொல்லிவிடட்டும். சோமர்ஃபெல்டின் நூலை இன்று வரலாற்றுக்காகவே பெரிதும் புரட்டுகின்றனர். அந்நூல் பழமையாயிற்று என அவர் சென்னையில் ஒரு மாணவரிடம் ஒப்புக்கொண்ட நேர்மையோ, போதிக்கும் பணியிலுள்ள நம் அனைவருக்கும் இன்றும் வேண்டப்படுவதாகும்.