மூச்சினால் இயங்கிய வீடு

கை கால் செயலிழந்தோருக்குச் சொந்த வீடும் சிறையாகலாம். விளக்கேற்றவும் கதவு திறக்கவும் அவர்கள் பிறரையே எதிர்பார்க்க வேண்டியுள்ளது. இந்நிலையை மாற்ற எழுந்த முயற்சியின் வரலாறு நோக்கற்பாலது.

இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டெவில் வைத்தியசாலையில், முள்ளந்தண்டுப் பாதிப்புற்றோருக்கான பிரிவை லுட்விக் குட்மன் 1944இல் தொடக்கினார். 1960ஆம் ஆண்டளவில் அங்கு சென்ற றெஜ் மாலிங், அசையவியலா நோயாளர் உதவிக்கு அழைக்க ஓர் ஊதலையே நம்பியிருந்ததைக் கண்டார். மூச்சு எஞ்சியிருப்பின் அதுவே ஆளியை இயக்கலாகாதா? அவரும் கூட்டாளரும் ஆக்கிய பொறியில், குழாயொன்றை ஊதுதலும் உறிஞ்சுதலுமே கட்டளைகளாயின. அவ்வழுத்த மாற்றத்துக்கு விளக்கும் வானொலியும் தட்டச்சுப் பொறியும் பணிந்தன. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களிலிருந்து 'பொசம்' என்ற பெயர் பிறந்தது. இலத்தீனில் அச்சொல்லுக்கு 'என்னால் இயலும்' என்பது பொருள்.

இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், பொதுமக்கள் செல்லும் கட்டடங்களில் வலுவிழந்தோருக்குத் தடையிருத்தலாகாது என்றது. வீட்டினுட் சுயமாக வாழும் உரிமையையும் ஏற்கும் ஐக்கிய நாடுகள் சமவாயத்தை நாடு 2016இல் ஏற்புறுதி செய்தது.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய ஊர்கள் 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலையையும் நீண்ட போரையும் கண்டவை. இங்கு பணிவிடை மக்களின் கடமையாகவே போற்றப்படுகின்றது. அது பேரறமே. ஆயினும், நள்ளிரவில் ஒரு விளக்குக்காக உறங்கும் மகளை எழுப்பத் தயங்கி இருளிற் கிடக்கும் தாயின் மனத்தை அவ்வறம் அறியாது. அத்தாய்க்கு வேண்டுவது அன்புக்கு மாற்றன்று; தானே அழுத்தக்கூடிய ஓர் ஆளியே.