தாளும் தடமும்

காவிரியின் மேற்கரையில் ஈரோடு, கிழக்கரையில் பள்ளிபாளையம். விசைத்தறிகளால் பெயர்பெற்ற இவ்வூருக்குக் காகித ஊர் என்னும் சிறப்பும் உண்டு. 1960 இல் பதிவுபெற்ற சேஷசாயி காகித ஆலை, ஆண்டுக்கு 20,000 டன் திறனோடு 1962 டிசம்பரில் இங்கு உற்பத்தியைத் தொடங்கிற்று. பாடல் தம் நெஞ்சில் பிறப்பதைக் கவிஞர் அறிவர். அது பிறர் கைக்குச் சேர்வது தாளின் தயவால் என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுவர். சொல்லைத் தொடாமலே, சொல் செல்லும் வழியைக் கைப்பற்றி அதனை அடக்கலாம் என்பதை அதிகாரம் உடையோர் மட்டும் மறந்ததில்லை.

நேரடி அடக்குமுறைக்குச் சான்று தேட ஆற்றைக் கடந்தாலே போதும். ஈரோட்டில் 1925 இல் பெரியார் தொடங்கிய ‘குடி அரசு’ 1933 இல் ஆசிரியவுரை ஒன்றிற்காக வழக்கைச் சந்தித்தது; பெரியார் சிறை சென்றார். அங்கே ஆட்சி பகைத்தது எழுத்தை. பகைப்பதாக வெளிப்படையாகச் சொல்லவும் செய்தது. அவ்வகையில் அது நேர்மையான பகை எனலாம்.

விடுதலைக்குப்பின் வந்த கட்டுப்பாடு அருளின் உடை அணிந்து வந்தது. 1956 ஆம் ஆண்டு விலை–பக்கச் சட்டமும், அதன்கீழ் 1960 இல் பிறந்த ஆணையும், நாளிதழொன்று இன்ன விலைக்கு இத்தனை பக்கமே வெளியிடலாம் என வரையறுத்தன. சிறிய இதழ்களைப் பெரிய இதழ்களின் போட்டியினின்றும் காப்பதே நோக்கம் என்றது அரசு. புனேயிலிருந்து வெளிவந்த ‘சகால்’ என்னும் மராத்தி நாளிதழ் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. பக்கத்தைக் குறைத்தால் செய்தி குறையும். விலையை உயர்த்தினால் வாசகர் குறைவர். இரண்டில் எது நேரினும் குறைவது பேச்சுரிமையே என 1961 செப்டம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்து, அவ்வேற்பாட்டைச் செல்லாததாக்கிற்று.

பள்ளிபாளையத்து ஆலை ஓடத் தொடங்கிய அதே 1962 இல் செய்தித்தாள் காகிதக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. அக்காகிதம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தது. அந்நியச் செலாவணியோ தட்டுப்பாடு. 1972–73 ஆம் ஆண்டுக் கொள்கை, நாளிதழ்களுக்குப் பத்துப் பக்கம் என உச்சவரம்பு விதித்தது. பென்னட் கோல்மன் வழக்கில் 1972 அக்டோபரில் அதுவும் வீழ்ந்தது. ஐந்து நீதிபதிகளுள் நால்வர் ஒருபுறம், கே. கே. மாத்யூ ஒருவர் மட்டும் மறுபுறம்.

அவருடைய மாறுபட்ட தீர்ப்பு ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது. பேச்சுரிமை பேசுவோர்க்கு மட்டும் உரியதன்று, அறிய வேண்டியதை அறியும் மக்களுக்கும் உரியது என்பது அவர் கருத்து. இருக்கும் தாள் சிலரிடம் குவிந்தால் பலருடைய குரல் எழாது போகும் என அவர் அஞ்சினார். அரசின் கையில் தாளை ஒப்படைப்பது அதற்கு மருந்தாகாது என நால்வரும் எண்ணியது சரியே. ஆயினும், வழியை அரசுதான் அடைக்கும் என்பதில்லை, உடைமையாளரும் அடைக்கலாம் என்னும் அந்த ஒருவரின் அச்சத்திற்கு அன்று விடை கிடைக்கவில்லை.

43 ஆண்டுகள் கழித்து அவ்வச்சம் மெய்யாகி வந்து நின்றது. அதற்குள் தாளின் இடத்தை அலைபேசித் தடம் பெருமளவு பிடித்திருந்தது. 2015 பிப்ரவரியில் பேஸ்புக் நிறுவனம், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர்ந்து, ‘இன்டர்நெட்.ஆர்க்’ என்னும் சேவையை இந்தியாவில் ஆறு மாநிலங்களில் தொடங்கிற்று. தமிழகம் அவற்றுள் ஒன்று. மொழிகளுள் தமிழும் ஒன்று. ஏழைக்கு இலவசம் என்பது அழைப்பு. ஆனால் முப்பதுக்குச் சற்று மேற்பட்ட, நிறுவனம் ஏற்றுக்கொண்ட தளங்களே இலவசம். மற்றவற்றைத் திறந்தால் காசு. பள்ளிபாளையத்துத் தறித்தொழிலாளி ஒருவர் அதனைப் பெற்றிருந்தால், நிறுவனத்தின் பட்டியலே அவருக்கு உலகமாகியிருக்கும். பட்டியலில் இல்லாத சிற்றிதழ் எவராலும் தடைசெய்யப்படாமலே அவருக்கு எட்டாமற் போயிருக்கும்.

2015 மார்ச் 24 இல் இணையப் பேச்சைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் நீக்கியது. மூன்றே நாளில், மார்ச் 27 இல், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், இணையச் சேவைகளை ஒழுங்குபடுத்துவது பற்றிய கலந்தாய்வு அறிக்கையை வெளியிட்டது. எல்லாத் தளங்களையும் தடம் ஒன்றுபோல் சுமக்க வேண்டும் என்னும் இணையச் சமநிலையைக் காக்கக் கோரிப் பத்து லட்சத்திற்கு மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ எனப் பெயர் மாறிய தன் சேவைக்கு ஆதரவு தேடி, அவ்வாண்டு டிசம்பரில் பேஸ்புக் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்கள் கொடுத்தது. தாளின் காலம் முடிந்தது என்போர் இதனைக் கருதலாம்!

2016 பிப்ரவரி 8 இல் டிராய் வேறுபாட்டுக் கட்டணத்தைத் தடைசெய்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், உச்சமாக 50 லட்சம் தண்டம். சில நாளில் பேஸ்புக் அச்சேவையை இந்தியாவினின்றும் விலக்கிக்கொண்டது. தடுத்தல், வேகங்குறைத்தல், சலுகை காட்டல் ஆகியவற்றை விலக்கும் பரிந்துரைகளை அரசு 2018 சூலையில் ஏற்றது. அமெரிக்காவிலோ இத்தகைய விதிகள் 2017 இல் கைவிடப்பட்டு, 2024 இல் மீட்கப்பட்டு, 2025 சனவரியில் நீதிமன்றத்தால் வீழ்த்தப்பட்டன.

எனினும் 2016, 2018 ஆம் ஆண்டு விதிகள் கட்டுப்படுத்துவது தடத்தைச் சுமப்போரை மட்டுமே. தளத்திற்குள், எந்தக் கவிதை யார் கண்ணில் படும், எது அடியில் புதையும் என்பதைத் தளத்திற்கு உரிய நிறுவனத்தின் கணக்கீடே முடிவு செய்கிறது. அதற்குச் சமநிலை விதி ஏதும் இல்லை. 1972 இன் அந்த ஒற்றை நீதிபதியின் கருத்து இன்னும் சிறுபான்மைத் தீர்ப்பாகவே ஏட்டில் இருக்கிறது.