எலியின் தலைக்குள் ஒரு மேப்

கரன்ட் கட். கும்மிருட்டு. ஆனாலும் கட்டிலை விட்டு எழுந்து, நாற்காலியில் இடித்துக்கொள்ளாமல் சமையலறைக்குப் போய்த் தீப்பெட்டியை எடுத்துவிடுகிறீர்கள். கண்ணுக்கு வேலையில்லை. பிறகு வழி காட்டியது யார்?

1940-களின் அமெரிக்க உளவியல் நிபுணர்கள் பலரிடம் இதற்கு ரெடிமேட் பதில் இருந்தது... பழக்கம்! இத்தனை அடி நட, இடப்பக்கம் திரும்பு, அவ்வளவுதான். பெர்க்லியில் எட்வர்ட் டால்மன் மட்டும் முரண்டு பிடித்தார். சுற்றிவளைத்துப் போய்த் தீனி தின்னப் பழகிய எலிகளின் பாதையை அடைத்துவிட்டு, பல திசைகளில் புதுப் பாதைகளைத் திறந்துவிட்டார். பழக்கம்தான் எல்லாம் என்றால் பக்கத்துப் பாதையில் அல்லவா அவை நுழைய வேண்டும்? மற்ற எதையும்விட, தீனி இருந்த பக்கம் நேராகப் போகும் பாதையில்தான் அதிக எலிகள் நுழைந்தன! மூளைக்குள் மேப் இருக்கிறது என்று 1948-ல் எழுதினார் டால்மன். 'எங்கே, காட்டும்' என்றால் காட்டக் கருவி இல்லை. 1959-ல் இறந்துபோனார்.

காட்டியவர் ஜான் ஓ'கீஃப். நியூயார்க்கில் பிறந்தவர். விமானப் பொறியியல் படித்துவிட்டு மூளைக்குத் தாவியவர்! லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில், எலி மூளையின் ஹிப்போகேம்பஸில் (மனிதனிடம் கடல்குதிரை போல வளைந்திருக்கும் பகுதி) மெல்லிய கம்பிகளைச் செருகி நடமாட விட்டார். மேடையின் ஒரு மூலைக்கு எலி வந்தால் ஒரு செல் படபடவென்று பொரிந்தது. நகர்ந்தால் கப்சிப். இன்னொரு செல்லுக்கு இன்னோர் இடம்.

1971-ல் மாணவர் ஜொனாதன் டாஸ்ட்ராவ்ஸ்கியுடன் கட்டுரை வெளியிட்டார். 76 செல்களில் இடத்தை அடையாளம் காட்டியவை எத்தனை தெரியுமா? வெறும் 8! கணக்கு வாத்தியார் ஃபெயில் போட்டிருப்பார். விஞ்ஞானிகள் பலரும் உதட்டைத்தான் பிதுக்கினார்கள். ஹிப்போகேம்பஸ் ஞாபகத்துக்கான இடமாயிற்றே, இதென்ன புதுக்கதை? ஓ'கீஃப் அசரவில்லை. அறையின் அடையாளங்களைத் திருப்பி வைத்தார். செல் பொரியும் இடமும் கூடவே திரும்பியது. விளக்கை அணைத்தாலும் பல செல்கள் தங்கள் இடத்தை விடுவதில்லை. உங்கள் தீப்பெட்டி ரகசியத்தில் பாதி இதுதான்.

மீதிப் பாதி, நார்வேயில் கிடைத்தது. ஓ'கீஃபிடம் சில மாதங்கள் தொழில் கற்றுப்போன மே-பிரிட், எட்வர்ட் மோஸர் தம்பதி, 2005-ல் பக்கத்து வீடான என்டோரைனல் பகுதியைத் துழாவினார்கள். அங்கே ஒரே செல் பல இடங்களில் பொரிந்தது. புள்ளி வைத்துப் பார்த்தால்... தேன்கூடு! அறுகோணம் அறுகோணமாகத் தரையை அளக்கும் கிராஃப் பேப்பர். 2014-ல் மூவருக்கும் நோபல்.

அல்ஸைமர் நோய் முதலில் கைவைக்கும் இடங்களில் ஒன்று இந்த என்டோரைனல் பகுதிதான். பல வருஷம் நடந்த தெருவிலேயே சில பெரியவர்கள் திகைத்து நிற்பது இதனால்தான். 2019-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், லேசான மறதி உள்ளவர்களுக்கு மாய உலகம் காட்டும் கண்ணாடியை மாட்டி, கொஞ்ச தூரம் நடத்தி, 'கிளம்பின இடத்துக்கே திரும்பிப் போங்க' என்றார்கள். அதிகம் தடுமாறியவர்கள், தண்டுவட நீரில் அல்ஸைமரின் அடையாளங்கள் இருந்தவர்கள்.